மலையேறிய ஜீப்பும் அது கைமாறிய வரலாறும்

மலைக் கிளைகளுக்குச் சுவாமியார்கள் பூசைக்குச் சென்றுவந்த பழைய ஜீப் வண்டியை நம் பங்கின் முதியவர்களில் பலர் இன்றும் மறந்திருக்கமாட்டார்கள். அது கோயிலுக்குச் சொந்தமான வண்டி அன்று, என் தகப்பனாருடையது. மழைக்காலத்தில் வேறெந்த வண்டியும் மேலே ஏறாது என்பதால் கோயில் பிள்ளை முந்தின நாள் மாலையே வந்து சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் விடியுமுன் வண்டி புறப்படும். அந்த ஜீப்பைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, பயணத்தில் நடந்த வேடிக்கைகளை நாலு பக்கம் எழுதிவிடலாம் என்றே எண்ணினேன். ஆனால் தகப்பனாரின் தகரப்பெட்டியைத் திறந்து பழைய காகிதங்களைப் பார்த்தபின், எழுத வேண்டியது அந்த வண்டியை விற்ற கதைதான் என்று தோன்றிற்று. அதைச் சொல்லுமுன் ஜீப் என்னும் வாகனத்தின் பூர்வீகத்தைச் சிறிது சொல்லியாக வேண்டும்.

1940-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படை, நான்கு சக்கரங்களும் இழுக்கும் சிறிய இலகு வண்டி ஒன்று வேண்டுமென்று கம்பெனிகளைக் கேட்டது. மாதிரி வண்டி கொடுப்பதற்குக் கெடு 49 நாட்கள்! பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளரை அமர்த்தி, படம் வரைந்து, வண்டியையும் கட்டி, செப்டம்பர் 23-ஆம் நாள் ஹோலாபேர்ட் முகாமில் ஒப்படைத்துவிட்டது. எனினும் பெரிய ஆர்டர் அந்தச் சிறு கம்பெனிக்குக் கிட்டவில்லை. வில்லிஸ் ஓவர்லாண்டு, போர்டு ஆகிய இரு பெரிய கம்பெனிகளே போர் முடியும் வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. முதலில் வழி காட்டியவனுக்குக் கூலி கிடைக்காமற்போவது உலகத்தில் புதிதல்லவே.

அந்த வண்டிகளில் ஒரு பகுதி பர்மாப் போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. போர் முடிந்தபின் மிஞ்சியவை ஏலத்தில் போயின. 'டிஸ்போசல் ஜீப்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இவற்றைத்தான். 1945-இல் மஹிந்திரா அண்டு முகம்மது என்ற பெயரில் தொடங்கப்பட்ட கம்பெனி, வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்து இங்கே பூட்டி விற்கும் உரிமையைப் பெற்றது. அதன் பங்காளிகளில் ஒருவரான குலாம் முகம்மது, நாடு பிரிந்தபோது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பிற்பாடு கவர்னர் ஜெனரலாகவும் இருந்தார். எனவே கம்பெனியின் பெயர் 1948-இல் மஹிந்திரா அண்டு மஹிந்திரா என்று மாறியது. நம் நாட்டு மலைப் பாதைகளில் ஓடிய ஜீப்புகளில் மிகப்பெரும்பாலானவை இக்கம்பெனியின் வண்டிகளே.

எங்கள் வண்டி 1964-ஆம் ஆண்டின் சி.ஜே. 3 பி. இதன் மூக்கு மற்ற ஜீப்புகளைவிடச் சற்று உயரமாக இருக்கும். அழகுக்காகச் செய்ததல்ல. போர்க்கால எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பக்கவாட்டில் இருந்தன. 'ஹரிகேன்' என்னும் புதிய எஞ்சினில் காற்று உள்ளே செல்லும் வால்வுகளைத் தலைமேல் கொண்டுபோய் வைத்தார்கள். எஞ்சின் உயர்ந்தது, அதற்கேற்பப் பானெட்டும் உயர்ந்தது. இந்த உயரம் பின்னாளில் பெரிய உபகாரமாயிற்று. வேறொரு டீசல் எஞ்சினை உள்ளே இறக்குவதற்கு இடம் இருந்ததல்லவா?

தகப்பனார் இவ்வண்டியை 1986-இல் ஒரு காப்பித் தோட்டத்தாரிடமிருந்து வாங்கினார். அப்போது அது பெட்ரோல் வண்டி. இழுவையில் குறை சொல்ல முடியாது, குடியில்தான் குறை. மேடேறும்போது தாழ்ந்த கியரில் நான்கு சக்கரமும் போட்டுக் கொண்டால் பெட்ரோல் முள் இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும், சில மாதங்களுக்குள் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானதும் வாசகர்கள் அறிந்ததே. அதன்பின் நம் நாட்டில் ஜீப் வைத்திருந்தவர்கள் எல்லாரும் டீசலைப் பற்றியே பேசலானார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் பம்ப்செட்டுக்கும் வேண்டியது என்பதால் அரசாங்கம் டீசல் விலையைப் பல ஆண்டுகள் தாழ்த்தியே வைத்திருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-இல் நீங்கிய பிறகும், டீசலுக்கு 2014 அக்டோபர் வரை அக்கட்டுப்பாடு நீடித்தது. மஹிந்திரா கம்பெனியும் 1970-களில் டிராக்டர் எஞ்சின் வழிவந்த டீசல் எஞ்சின்களை வண்டிகளில் வைத்துப் பார்த்தது. அவை யானை போல இழுக்கும். யானை போலவே நடக்கும். 1979-இல் பிரான்சு நாட்டுப் பியூஜோ கம்பெனியிடம் உரிமம் பெற்றபின்தான் ஜீப்புக்கு ஏற்ற டீசல் எஞ்சின் அமைந்தது. எக்ஸ்.டி.பி. 4.90 என்பது அதன் பெயர். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றின் குறுக்களவும் 90 மில்லிமீட்டர் என்பதே பெயரின் பொருள். மொத்தக் கொள்ளளவு 2112 சி.சி.; 62 குதிரைத் திறன். மெக்கானிக்குகள் இந்த எஞ்சினைத் தாயைப் போல என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்: எவ்வளவு அலட்சியம் செய்தாலும் கைவிடாதாம்.

இந்த எஞ்சின் வந்த பிறகு பழைய பெட்ரோல் ஜீப்புகளுக்கு மறுபிறவி உண்டாயிற்று. விபத்தில் நொறுங்கிய டீசல் ஜீப்பிலிருந்து எஞ்சினைக் கழற்றி, நல்ல உடம்புள்ள பெட்ரோல் ஜீப்பில் பூட்டினார்கள். அம்பாசிடர் டீசல் எஞ்சின், மெட்டடார் எஞ்சின் என்று கிடைத்ததை எல்லாம் வைத்தவர்களும் உண்டு. போடி, கம்பம் பக்கத்திலிருந்து விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற ஜீப்புகளில், பிறந்தபோது இருந்த எஞ்சினோடு ஓடியவை எத்தனை என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

எங்கள் வண்டிக்கு அந்த மாற்றம் 2000-ஆம் ஆண்டில் நடந்தது. எஞ்சினும் கியர்பெட்டியும் பொருந்துவதற்காக லேத் பட்டறையில் கனத்த இரும்புத் தகடு ஒன்றைக் கடைந்து நடுவில் வைத்தார்கள். எஞ்சின் தாங்கிகளைச் சேஸிஸில் புதிதாக வெல்டு செய்தார்கள். பழைய பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போட மனமில்லாமல், தகப்பனார் மாட்டுக் கொட்டகையின் மூலையில் மரக்கட்டைமேல் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினார். எல்லாம் செவ்வையாக முடிந்தது. ஒன்று மட்டும் முடியவில்லை. பதிவுப் புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல் என்றே இருந்தது. எஞ்சின் எண்ணும் பழைய எண்ணே. எஞ்சினை மாற்றினால் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1939-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு, அதற்குப் பதிலாக வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் உண்டு. ஆனால் நாங்கள் வாங்கிய எஞ்சினுக்கு ஒழுங்கான ரசீது ஏது? "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு வண்டிக்கு மூன்று எண்கள் உண்டு: நம்பர் பலகையிலுள்ள பதிவெண், சேஸிஸில் அடித்த எண், எஞ்சினில் அடித்த எண். மூன்றும் புத்தகத்தோடு ஒத்துப்போனால்தான் அது இன்ன வண்டி என்று சொல்ல முடியும். எங்களுடையதில் இரண்டுதான் ஒத்துப்போயின.

2003-இல் தகப்பனாருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டது. வண்டியை விற்பது என்று முடிவாயிற்று. "இருக்கிற நிலையில் தள்ளிவிடுங்கள் மாமா, வாங்குகிறவன் செய்துகொள்வான்" என்று என் அத்தான் சொன்னார். தகப்பனார் கேட்கவில்லை. ரிப்பேர் முழுவதையும் செய்தபின்தான் விலை பேசுவது என்று பிடிவாதமாக இருந்தார்.

டீசல் எஞ்சினில் பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை இருபது மடங்குக்கு மேல் அமுக்கினால் அது தானே கொதிக்கும். அந்தச் சூட்டில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்ளும். ஆகவே அமுக்கம் குறைந்தால் டீசல் எஞ்சினுக்கு உயிர் இல்லை. எங்கள் எஞ்சினில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று மேலே வந்தது. மெக்கானிக்குகள் இதைப் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, அமுக்கப்பட்ட காற்று கீழே கசிகிறது என்பதே அதற்குப் பொருள். எஞ்சினை இறக்கினார்கள். பியூஜோ எஞ்சினில் லைனர்களைத் தனியே கழற்றி மாற்றலாம் என்பதால் செலவு ஓரளவு அடங்கியது. நான்கு லைனர், பிஸ்டன், வளையங்கள், ஹெட் கேஸ்கட் எல்லாம் புதிதாயின. பம்பையும் நாசில்களையும் பம்ப் சர்வீஸ் கடைக்குக் கொடுத்து, மேடையில் பூட்டி, நான்கு குழாயிலும் ஒரே அளவு டீசல் விழுமாறு சரிசெய்தார்கள். இரண்டு ஹீட்டர் பிளக்குகள் செத்திருந்தன, அவற்றையும் மாற்றியாயிற்று.

இவ்விடத்தில் புகையைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புப் புகை வந்தால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. நீலப் புகை வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை காலைக் குளிரில் சிறிது வந்து நின்றால் குற்றமில்லை. நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய டீசல் வண்டி விற்பவர்களில் சிலர், ஆள் வருமுன்பே எஞ்சினைச் சூடாக்கி வைத்துவிடுவார்கள். சூட்டில் பாதி நோய் மறைந்துவிடும். கனமான எண்ணெயை ஊற்றிப் புகையை அடக்குவதும், கியர்பெட்டியில் மரத்தூள் போட்டுச் சத்தத்தை அடக்குவதும் உண்டென்று சொல்வார்கள்.

எஞ்சினுக்குப் பின் சேஸிஸ். புதிய தாங்கிகள் வெல்டு செய்த இடத்தில், டீசல் எஞ்சினின் அதிர்ச்சியால் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. மேலே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் எவனும் காணமாட்டான். தகப்பனார் அதை அறுத்து, உட்பக்கம் பட்டை கொடுத்து வெல்டு செய்யச் சொன்னார். அதன்மேல் பெயிண்ட் அடிக்கவும் விடவில்லை. வாங்குகிறவன் பார்க்கட்டும் என்றார். மொத்தச் செலவு 38 ஆயிரம் ரூபாய். பழைய வண்டிக்குச் செய்த ரிப்பேர்ச் செலவு விலையில் முழுதாகத் திரும்பி வருவது அரிது என்பதை விற்றவர்கள் எல்லாரும் அறிவார்கள்.

வாங்க வந்தவர் மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுபவர். விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரச்சொல்லியிருந்தார் தகப்பனார். பானெட் மேல் கையை வைத்துப் பார்த்தார் அவர், குளிர்ந்திருந்தது. ஹீட்டர் போட்டு, செல்ஃப் அடித்ததும் இரண்டாம் சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"என்னென்ன குறை இருக்கு, சொல்லிருங்க ஐயா" என்றார்.

"முன் சக்கரக் கிங்பின்னில் கொஞ்சம் ஆட்டம் இருக்கிறது தம்பி. இரண்டாம் கியர் குளிரில் கரகரக்கும். சேஸிஸில் வெல்டு இருக்கிறது, குனிந்து பாரும். எஞ்சின் இந்த வண்டிக்குப் பிறந்ததல்ல, புத்தகத்தில் ஏறவில்லை."

"அது எல்லா வண்டியிலயும் உள்ளதுதானேங்க ஐயா. நான் பார்த்துக்கிறேன்."

70 ஆயிரத்துக்கு முடிந்தது. ஒரு முத்திரைத்தாளில் வண்டியை ஒப்படைத்ததாக எழுதி இருவரும் ஒப்பமிட்டார்கள். 29-ஆம் படிவம், 30-ஆம் படிவம் இரண்டிலும் தேதி போடாமல் தகப்பனார் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அக்காலத்தில் எல்லாரும் செய்த காரியம்தான். இக்காலத்திலும் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

சட்டம் சொல்வது வேறு. விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விற்பவர் தாமே போய்த் தெரிவிக்கலாம் என்பதுகூட எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் தெரியாது; அது வாங்குபவரின் வேலை என்று நினைத்திருந்தோம். அவரோ போகவே இல்லை. ஏன் போகவில்லை என்பது பிறகு விளங்கிற்று. வண்டியின் பதிவு 2004 வரைதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 15 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கும்போது, ஆய்வாளர் முன் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் எஞ்சின் எண்ணைப் பார்ப்பார். எண் ஒத்துப்போகாது. அதனால் புதுப்பிக்கவில்லை, பெயரும் மாற்றவில்லை. தகப்பனார் ஒளிக்காமல் வாயால் சொன்ன அந்த ஒரே குறை, காகிதத்தில் சொல்லாமற்போனதால் எல்லாக் கதவுகளையும் அடைத்துவிட்டது. ஆறு மாதத்தில் வண்டி அவரிடமிருந்து வேறொருவர் கைக்குப் போயிற்று. இன்சூரன்சும் காலாவதியாயிற்று.

2006-இல் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து தகப்பனார் பெயருக்குச் சம்மன் வந்தது. மலையில் ஒரு வளைவில் ஜீப் பின்னோக்கி உருண்டு, தோட்டத் தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கிவிட்டது. போலீஸ் அறிக்கையில் கண்ட எஞ்சின் எண்ணும் எங்கள் புத்தக நகலில் இருந்த எண்ணும் வேறு வேறு என்பதைப் பார்த்து, இது நம் வண்டியே அல்ல என்று சொல்லித் தப்பலாம் என ஒருவர் யோசனை சொன்னார். சேஸிஸ் எண் ஒத்துப்போகிறதே என்று தகப்பனார் வாயை மூடச் செய்துவிட்டார். முத்திரைத்தாளைக் காட்டினோம். வாங்கியவர் ஊரில் இல்லை. அவரிடமிருந்து வாங்கியவருக்குச் சொத்து எதுவும் இல்லை. சட்டப்படி உரிமையாளர் என்பவர் புத்தகத்தில் பெயருள்ளவரே. 2008-இல் ஒன்றேகால் லட்சமும் வட்டியும் கொடுக்குமாறு உத்தரவாயிற்று.

அப்பீல் செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். தகப்பனார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொழிலாளியைப் பார்க்கப் பஸ்ஸில் மலைக்குப் போய்வந்தார். வந்து, "கால் போனது மெய்தான்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பசுக்களையும் அம்மாவின் இரட்டைவடச் சங்கிலியையும் விற்று, கடனும் வாங்கிப் பணம் கட்டினோம். வண்டியை விற்றுப் பெற்றதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு கையைவிட்டுப் போயிற்று. எனக்கு அன்று கோபமே மிகுதி, மறைப்பானேன்?

இதே கேள்வி உச்சநீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தெளிவான தீர்ப்பு வந்தது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்தில் பாதிக்கப்பட்டவருக்குப் பொறுப்பு. கைமாறிய சங்கிலியைத் தேடிக்கொண்டு பாதிக்கப்பட்டவர் அலையக் கூடாது என்றது நீதிமன்றம். தகப்பனார் அதைப் படிக்க இல்லை. 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும் என்றும், வண்டியை அவர்களிடம் ஒப்படைத்ததை முறைப்படி தெரிவித்துவிட்டால் அதுமுதல் அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள் என்றும் மத்திய அரசு விதி செய்திருக்கிறது. நேரே ஆளுக்கு ஆள் விற்பவர்கள் பழைய 29, 30 படிவங்களையே நிரப்ப வேண்டும். தேதியோடு.

இனி வண்டியின் பிற்காலம். வழக்கு முடிந்தபின் அது மலைமேல் ஒரு தோட்டத்துக் கொட்டகையிலேயே நின்றுபோயிற்று. 2022-இல் பழைய ஜீப்புகளைப் புதுக்கும் ஓர் இளைஞர், சேஸிஸ் எண்ணைக் கொண்டு பெயரைக் கண்டுபிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்தின ஆண்டு ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளை அவரே விளக்கினார். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டி, சேஸிஸும் உடலும் எஞ்சினும் பெரிதும் மாற்றப்படாமல் பிறந்தபடி இருந்தால், தொன்மை வண்டியாகப் பதிவு பெறலாம். நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். டீசல் எஞ்சினோடு அது கிடைக்காது. "பழைய பெட்ரோல் எஞ்சின் எங்கே போச்சுன்னு தெரியுங்களா சார்?" என்று கேட்டார்.

மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். தார்ப்பாய் கிழிந்திருந்தது. எலிக்கூட்டை விலக்கி, மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்ததும் எண் தெரிந்தது. புத்தக நகலைப் பக்கத்தில் வைத்து அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, நான் எஞ்சினில் விரலை வைத்துச் சரிபார்த்தேன். ஓர் எண்கூடத் தவறவில்லை.

இம்முறை விலையைவிட அலுவலகத்துக்கு நடந்ததே அதிகம். வண்டி இன்னும் தகப்பனார் பெயரில்தான் இருந்தது. வாரிசுச் சான்றிதழோடு 31-ஆம் படிவம் கொடுத்து முதலில் என் பெயருக்கு மாற்றினோம். நெடுநாள் புதுப்பிக்காததற்குத் தாமதக் கட்டணம். புதுப்பிக்கும் கட்டணமே அவ்வாண்டு ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. அவர் எஞ்சினைப் புதுக்கிப் பூட்டி, ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்திக் காட்டினார். பிறகு 29-உம் 30-உம் தேதியிட்டு, அவரும் நானும் சேர்ந்தே போய்க் கொடுத்து ரசீது வாங்கினோம்.

இரண்டு மாதம் கழித்துப் புதிய பதிவுச் சான்றின் நகலை அனுப்பியிருந்தார். உரிமையாளர் என்ற இடத்தில் அவர் பெயர். எரிபொருள்: பெட்ரோல். எஞ்சின் எண் இருக்க வேண்டிய கட்டத்தில், 1964-இல் இருந்த அதே எண்.